டவர் இல்லாத இடமாகப் பார்த்து

என் கணவர் எங்கே போனாலும் முதல் காரியமாக வலது கையைத் தலைக்கு மேல் தூக்குவார். கோவில் சந்நிதியில் தூக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் பக்திப் பரவசம் என்று நினைத்துக்கொள்வார்கள். கையில் போன் இருக்கும். டவர் எத்தனை பாயிண்ட் காட்டுகிறது என்று பார்க்கிறார். கல்யாண மண்டபத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் இதே அபிநயம்தான். ஒருமுறை அனகாபுத்தூரில் துக்கம் கேட்கப் போன வீட்டில், உள்ளே நுழைந்து உட்கார்வதற்கு முன் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இங்க நல்லா எடுக்குது" என்று என் காதில் சொன்னார். நான் கிள்ளிய கிள்ளலில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் அதையும் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் பைத்தியம் பிடித்தது அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஜீப் வாங்கிய பிறகு. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் ஏரியைச் சுற்றி நடப்பார்கள். சிட்லபாக்கத்தில் அதற்கென்றே ஒரு பட்டாளம் உண்டு. இவருக்கு மட்டும் காடு மலை ஏற வேண்டுமாம். வாங்கிய வருடம் அந்த ஜீப் ஏறிய ஒரே மலை எங்கள் தெருமுனையில் இருக்கும் வேகத்தடை. மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது அதில் போய் இரண்டு பாக்கெட் பால் வாங்கிவந்து, "நாலு சக்கரமும் எப்படி இழுத்துச்சு பாத்தியா!" என்றார். பால்காரப் பையன் அதே தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து எனக்கு அரை மணி நேரம் முன்பே பால் போட்டுவிட்டுப் போயிருந்தான். நான் அதைச் சொல்லவில்லை. அன்று இரண்டு வேளை பாயசம் வைத்தேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஜீப்புகளுக்கென்றே ஒரு பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவர் இருக்கிறார். அவரைச் சுற்றி இதேபோல நாலைந்து ஜீப்காரர்கள். எல்லோருக்கும் முட்டிவலி உண்டு, இரத்த அழுத்தம் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து ஏதாவது ஒரு மலைக்குப் போவார்கள். திரும்பி வந்து மலையைப் பற்றிப் பேசுவார்கள் என்று பார்த்தால், பேச்செல்லாம் டவரைப் பற்றித்தான். எந்த வளைவில் போகிறது, எந்த மேட்டில் திரும்ப வருகிறது, எந்தக் கம்பெனி சிம் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது. என் கணவர் மூன்று கம்பெனி சிம்களை மூன்று போன்களில் போட்டு, ஜீப்பின் முன்பலகையில் வரிசையாக நிறுத்திவைத்திருப்பார். மும்மூர்த்திகளுக்குச் சந்தனம் வைக்காததுதான் குறை. "மூணுல ஒண்ணு எடுக்கும்" என்பது அவருடைய வேதவாக்கு.

இத்தனைக்கும் எங்கள் வீட்டு ஹாலில் டவர் கிடையாது. சமையலறை ஜன்னலை ஒட்டி நின்றால்தான் எடுக்கும். ஏலகிரியில் எந்த மரத்தடியில் டவர் வரும் என்று சொல்லத் தெரிந்தவருக்குச் சொந்த வீட்டு சோபாவில் அதை வரவழைக்க வழி தெரியவில்லை. ஊருக்கு உபதேசம்!

சும்மா சொல்லக்கூடாது, டவர் விஷயத்தில் அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருமுறை அவர்களில் ஒருவருடைய ஜீப் சேற்றில் புதைந்து, டவர் இல்லாமல் ஒரு பகல் முழுக்க வீட்டுக்குத் தகவல் சொல்ல முடியாமல் போயிற்று. அந்த வீட்டம்மா பட்டறைக்கே வந்து பாயை ஒரு பிடி பிடித்துவிட்டார். அன்றிலிருந்து பாய் ஒரு சட்டம் போட்டார். மலை ஏறுமுன் டவர் இருக்கிற கடைசி டீக்கடையில் எல்லா வண்டியும் நிற்க வேண்டும். அவரவர் வீட்டுக்குப் பேச வேண்டும். "வூட்டுக்குப் பேசாத ஆளு சாவியத் தொடக்கூடாது" என்பாராம். ஆளுக்கொரு மரத்தடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, மனைவியிடம் பேசுவார்களாம்.

அந்த அழைப்பு எனக்கு மாதாமாதம் வரும். நான் வேலை பார்க்கும் பள்ளிக்குச் சனிக்கிழமை விடுமுறை என்பதால் பெரும்பாலும் சமையலறையில்தான் இருப்பேன்.

"டவர் போகப்போகுது."

"சரி."

"கேஸ மூடிட்டியா? மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"அப்ப... நீ ஜாக்கிரதையா இரு."

மலைப்பாதையில் ஏறப்போகிறவர் அவர். சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருப்பவள் நான். யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தில் மட்டும் அவருடைய குரல் இளகியிருக்கும். எதிரே உட்கார்ந்து பேசும்போது பேப்பரில் தலைப்பு வாசிக்கிற மாதிரிதான் பேசுவார். முகத்தைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல வராது. எனக்கும் கேட்க வராது. "சரி சரி வைங்க, பால் பொங்குது" என்று வைத்துவிடுவேன். பல நாள் அடுப்பில் பாலே இருந்ததில்லை.

போன வருடம் மழை ஓய்ந்த சமயம் என் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. குளிக்கும்போது தட்டுப்பட்டது. ஒன்றுமிருக்காது என்று சில நாள் தள்ளினேன். பிறகு அவரிடம் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அதை மடித்து வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்பு" என்றார்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் தொடர்புக்கு ஒரு போன் நம்பர் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் தன்னுடைய மூன்று எண்களையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். "ஒண்ணு போதும் சார்" என்றது அந்தப் பெண். "எழுதிக்கம்மா, மூணுல ஒண்ணு எடுக்கும்" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். முடிவு சனிக்கிழமை வரும், போனில் சொல்லிவிடுகிறோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் போன் ஒலித்தபோதெல்லாம் ஆஸ்பத்திரிதான் என்று நினைத்தேன். கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணிடம்கூட "சொல்லுங்க டாக்டர்" என்றேன். வீட்டுக்கு வந்தால் ஹாலைவிட்டு நகரமாட்டேன். அங்கேதான் டவர் கிடையாதே. வேதியியல் விடைத்தாள், காய்கறிக் கூடை, காபி எல்லாம் சோபாவுக்கே வந்துவிட்டன. ஆனால் சமையலறைக்குப் போகாமல் ஒரு வீட்டில் எத்தனை நேரம் இருக்க முடியும்? பெங்களூரில் இருக்கும் மகனுக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அவரிடம் கேட்டேன்.

"ஏங்க, சனிக்கிழமை என்னையும் ஜீப்ல கூட்டிட்டுப் போங்க. டவரே இல்லாத இடமா பாத்து."

ஜீப்பில் ஏறவே மாட்டேன், இடுப்பு கழன்றுவிடும் என்று அத்தனை நாள் சொன்னவள் நான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போனை ஆஃப் பண்ணி வெச்சா போதுமே."

"ஆஃப் பண்ணா நான் பயந்துட்டேன்னு அர்த்தம். டவர் இல்லேன்னா யார் என்ன பண்ண முடியும்?"

இந்த நியாயம் எனக்கே முழுசாகப் புரியவில்லை. ஆனால் ஆஃப் செய்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் ஆன் செய்து பார்ப்பேன் என்பது நிச்சயம். எனக்கு அந்த ஒரு பகல் வேண்டும். நல்லதோ கெட்டதோ, சாயங்காலம் வந்து சேரட்டும். அதுவரை உடம்புக்கு ஒன்றுமில்லாதவளாகவே ஒரு நாள் இருந்துவிட வேண்டும். இதையெல்லாம் அவரிடம் விளக்கவில்லை. "சரி, கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர, இடம் கிடைக்க வேண்டுமே! டவர் எங்கே இருக்கிறது என்று தேடியே பழகியவருக்கு, இல்லாத இடம் தேடத் தெரியவில்லை. அவர் நினைவில் வைத்திருந்த இடங்களிலெல்லாம் இந்தக் கொஞ்ச காலத்தில் டவர் வந்துவிட்டிருந்தது. ஒரு மலையில் முருகன் கோவில் கோபுரத்துக்குப் பக்கத்தில் அதைவிட உயரமாக நிற்கிறதாம். இன்னொரு இடத்தில் கேம்ப் போடுகிறவர்கள் வைஃபையே தருகிறார்களாம். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு பாயிடம் போனார்.

"பாய், டவர் சுத்தமா இல்லாத இடம் ஒண்ணு சொல்லுங்க."

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இன்னா சார், உடம்பு கிடம்பு செரியில்லியா? நேத்து வரிக்கும் டவர் கீதா டவர் கீதான்னு என் உயிர எட்த்துகினு இருந்த ஆளு நீங்க."

"நான்தான் கேட்டேன் பாய்" என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "ஜவ்வாது மலைல ஒரு பள்ளம் கீது அக்கா. ஓடை ஓடும். நாலு சக்கரமும் இழுத்தாத்தான் எறங்கி ஏற முடியும். அங்க போய்ட்டா சொந்தக்காரன், கடன்காரன், ஒருத்தன் தொல்ல இல்ல. எமன் கூப்ட்டாலும் நாட் ரீச்சபிள்தான்."

சொன்னவருக்கு நிலைமை தெரியாது. எங்கள் இருவருக்கும் ஒரு கணம் முகம் செத்துவிட்டது. பிறகு எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. "அதே இடம்தான் பாய் வேணும்" என்றேன்.

சனிக்கிழமை விடியலில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். வண்டலூரில் திரும்பி, வாலாஜாபாத், காஞ்சிபுரம், ஆரணி என்று போய்க்கொண்டே இருந்தோம். நான் என் போனை மடியில் வைத்துக்கொண்டு, பாம்புப் பெட்டியைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது ஒலிக்கவில்லை. போளூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் டயருக்குக் காற்றுப் பார்க்க நிறுத்தினார். முன்பலகையிலிருந்து மூன்று போன்களையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். போனை வைத்துவிட்டு இறங்கினால் திருட்டுப் போய்விடும் என்பது அவர் கொள்கை, நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தாலும்.

காற்றுப் பார்க்க நெடுநேரம் பிடித்தது. அடுத்து வந்த லாரி காற்றடித்துக்கொண்டு போயும்விட்டது. திரும்பி வந்தவர் முகம் கழுவியிருந்தார். சட்டையெல்லாம் ஈரம். "என்ன வெயில்" என்றார். மேகம் மூடிக் கிடந்த நாள் அது.

அடிவாரத்தில் அவர்களுடைய கடைசி டீக்கடை. ஓர் அம்மா நடத்துகிறார். இவரைப் பார்த்ததும், "வீட்டுக்குப் பேசிட்டு வா சார், டீ போட்டு வைக்கிறேன்" என்றார். வழக்கமாக வருகிறவர் என்று தெரிந்தது. நான் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். இவர் இறங்கி, புளியமரத்துக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என் மடியில் போன் அலறியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பார்த்தால் அவர் பெயர்.

"டவர் போகப்போகுது" என்றார்.

"ஏங்க, நான் ஜீப்லதான இருக்கேன்! உங்களுக்கு என்ன ஆச்சு?"

"தெரியும். பழக்கம்." காலால் ஒரு கல்லைத் தள்ளினார். "மாத்திரை போட்டியா?"

"உங்க முன்னாடிதான போட்டேன்!"

"அப்ப... நீ ஜாக்கிரதையா இரு."

டீ கொண்டுவந்த அம்மா என்னையும் பார்த்து, மரத்தடியில் நிற்பவரையும் பார்த்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான். பால் பொங்குகிறது என்று சொல்ல அன்று வழியில்லாமல் போய்விட்டது. "நீங்களும்தான்" என்று சொல்லி வைத்தேன்.

மலையேறி, ஒரு சிற்றூரைத் தாண்டி, அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினோம். ஜீப் சாய்ந்த சாய்வில் நான் அறிந்த தெய்வங்கள் அனைத்தையும் கூப்பிட்டேன். அவர்கள் ஒருவருக்கும் டவர் தேவைப்படவில்லை. நாலு சக்கரமும் உண்மையாகவே இழுத்தன. அதை முதல்முறையாக ஒப்புக்கொள்கிறேன். கீழே மூங்கில் புதரும் உருண்டைக் கற்களும் நடுவில் ஓடையும் இருந்தன. என் போனில் ஒரு பாயிண்ட்டும் இல்லை. பார்த்ததும் தோளிலிருந்து ஒரு சுமை இறங்கிய மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்தேன். அந்த ஒரு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்லவில்லை. தலைமையாசிரியையைப் பற்றிக் குறை சொன்னேன், மகனின் கல்யாணத்தைப் பற்றிப் பேசினேன். அவர் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார்.

அப்போது புல்லுக்கட்டோடு ஒரு பெண் ஓடையைக் கடந்து வந்தாள். ஜீப்பையும் எங்களையும் பார்த்து நின்றாள். பட்டணத்து ஆட்களுக்கு எது தேவைப்படும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"போன் பேசணுமா சார்? அதோ அந்தக் கல்லு மேல ஏறி நில்லு. ஒரு பாயிண்ட் எடுக்கும். நாங்கெல்லாம் அங்கதான் பேசுவோம்."

ஓடைக்கு அந்தப் பக்கம் ஆளுயரப் பாறை ஒன்று. ஆட்கள் ஏறி ஏறி மேலே வழவழவென்று தேய்ந்திருந்தது. நான் கல்லைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தேன். சாமி சந்நிதியிலும் சாவு வீட்டிலும் கையைத் தூக்கியவர். டவர் இருக்கிறது என்று ஒருவர் வாயால் சொன்னால் முட்டிவலியோடு மொட்டை மாடிக்கு ஓடுகிறவர். அவர் அந்தப் பாறைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"வேணாம்மா" என்றார்.

அவள் போய்விட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போளூரில் நின்றதிலிருந்து அவர் ஒரு தடவையும் கையைத் தூக்கவில்லை. எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் தேடியிருப்பார். வர வேண்டியது வந்துவிட்டது. அது நல்லதாக இருந்திருந்தால் பெட்ரோல் பங்க்கிலேயே ஹாரன் அடித்து ஊரைக் கூட்டியிருப்பார். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருந்தது அவருடைய மூன்று எண்கள்தான், என்னுடையது கிடையவே கிடையாது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மக்குப் பிள்ளைகளை இத்தனை வருடம் திட்டியவள், அடிக்க வாய்ப்பே இல்லாத போனை மடியில் வைத்துக்கொண்டு காலையெல்லாம் நடுங்கியிருக்கிறேன்.

"போளூர்ல கூப்பிட்டாங்களா?" என்றேன்.

அவர் ஓடையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"என்னவாம்?"

"அதுதானாம். ஆரம்ப நிலைதான், பயப்பட வேணாம்னாங்க. திங்கக்கிழமை வரச் சொன்னாங்க."

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீ டவர் இல்லாத இடம் கேட்ட. கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேனே."

எனக்குக் கோபம் வந்தது. என் உடம்பைப் பற்றிய செய்தியை எனக்கு முன்னால் இவர் எப்படித் தெரிந்துகொள்ளலாம் என்று வந்தது. அதைவிட அதிகமாக வேறொன்று வந்தது. போளூரிலிருந்து அத்தனை வளைவுகளையும் இந்தச் செய்தியைத் தனியாகச் சுமந்துகொண்டு ஓட்டியிருக்கிறார், எனக்கு ஒரு பகல் கிடைக்கட்டும் என்று. எவ்வளவு பாவம் இந்த மனுஷன் என்று நினைத்தேன். அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. எங்களுக்கு அதெல்லாம் பழக்கமில்லை. எலுமிச்சை சாதத்தைப் பிரித்து அவருக்கு வறுவலைக் கூடுதலாகவே வைத்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். சாப்பிட்டு முடித்துவிட்டு பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தோம்.

அதற்குப் பிறகு நடந்த வைத்தியத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதை முடித்துவிட்டு, புதிதாக முளைத்த முடியைத் தடவிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலத்தை.

மலையிறங்கி வந்தபோது அதே டீக்கடையில் நிறுத்தினார். போகும்போது நிற்பதுதான் சட்டம், வரும்போது இல்லை. ஆனாலும் நிறுத்தினார். முன்பலகையில் மூன்று போன்களும் ஒன்றன்பின் ஒன்றாக உயிர் பெற்றுக் கத்தின. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில். என்னென்னவோ சொல்ல வேண்டும் போல இருந்தது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் வரவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். புளியமரத்துக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, அவர் எண்ணை அழுத்தினேன்.

ஜீப்பில் ஒலித்தது. மூன்றில் எது என்று தேடி எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

"டவர் வந்துடுச்சு" என்றேன்.

"ம்."

"எனக்கு ரொம்ப பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்" என்றார்.

டீ போடுகிற அம்மா எங்களைப் பார்த்தார். இந்தமுறை சிரிக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் போனை வைக்கவில்லை.